நனையாத கையுறைகள்

அம்மா கையெழுத்தைப் போடாமல் இங்கே வந்து நிற்பதில் என்ன நியாயம் என்று ஆரபிக்கு விளங்கவேயில்லை, அதுவும் இந்த மழையில், அதுவும் மேன்முறையீட்டை அனுப்பக் கடைசி நாளான இன்றைக்குப் பார்த்து. காலையில் குசினி மேசையில் அம்மாவின் கைபேசியை வைத்து, எல்லாம் எழுதியாச்சு அம்மா, இந்த நாட்டில கையெழுத்தெண்டா இதுதான், உங்கட விரலை ஒருக்கா இதில வைச்சால் சரி என்று அவள் சொன்னபோது, அம்மா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி, கடைசி மடக்கு வரைக்கும் ஆறுதலாகக் குடித்துவிட்டு, "வைக்கலாம், வைக்கலாம். முதல்ல அந்த மரவீடுகளை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்," என்றாள். பதினான்கு வருடமாக இந்தப் பெர்கன் நகரத்தில் இருக்கிறார்கள், பதினான்கு வருடமாக அம்மா ஹோட்டல் வேலைக்குப் போகிற பஸ் இந்தத் துறைமேடையைத் தாண்டித்தான் போகிறது, ஒரு நாள், ஒரேயொரு நாள் இறங்கிப் பார்த்ததில்லை, இன்றைக்கு மட்டும் என்ன ஆசை. ஆசையில்லை, கடத்தல். நேரத்தைக் கடத்தி, நாள் முடிந்தபிறகு, ஐயோ மறந்துபோனன் பிள்ளை, இனி என்ன செய்யிறது என்று சொல்வதற்கான ஆயத்தம். ஆரபிக்கு அந்தக் குரல்கூடக் காதில் கேட்டது, இன்னும் சொல்லப்படாத வசனத்துக்கு மனதுக்குள் நாலு பதில் அடுக்கியும் வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அம்மாவோ மழைச்சட்டையின் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கூர்முக வீடுகளை, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒவ்வொன்றாக எண்ணுகிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதென்னடி பிள்ளை, எல்லாம் குடிவெறியில நிக்கிற மாதிரிச் சாய்ஞ்சு கிடக்கு." நிலம் இறங்குது அம்மா, கீழே மண்ணில்லை, பழைய மரமும் குப்பையும் போட்டு நிரப்பின இடம் என்று ஆரபி சொன்னாள். சொல்லும்போதே அந்தக் குரலில் இருந்த சூட்டை அவளே கேட்டாள். வீடு சாய்ந்ததற்கு அம்மா பொறுப்பில்லையே.

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு ஒழுங்கை போனது, ஒழுங்கை என்றால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டிய அளவு, காலடியில் பலகை, பக்கங்களில் பலகை, தலைக்கு மேலே முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த மாடியும் பலகை, ஒரு நீளமான பெட்டிக்குள் நுழைந்த மாதிரி. மழைச்சத்தம் பின்னுக்கு நின்றுவிட்டது. ஈரமரத்தின் வாசம், கொஞ்சம் தார், அதற்கும் அடியில் எங்கேயோ மீனெண்ணெய். முன்னால் நடந்த அம்மா ஈரப்பலகையில் வழுக்காமலிருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள், விரல்களால் அல்ல, மணிக்கட்டால். அதைப் பார்க்க ஆரபிக்கு மூடி ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று எத்தனை தரம் தள்ளினாலும் வருகிற ஞாபகம். போன மாசியில் தன் அறையில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு மணம் வந்தது, கறி அடிப்பிடிக்கிற மணமில்லை, வேறொன்று, எழும்பிப் போனால் அம்மா அடுப்பிலிருந்த தாச்சியின் இரும்பு மூடியை வெறுங்கையால் தூக்கிப் பிடித்தபடி வெங்காயம் வதங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெருப்புச் சூடு. அம்மாவின் முகத்தில் ஒன்றுமில்லை. அம்மா, கை, என்று ஆரபி கத்தின பிறகுதான் அவள் மூடியைப் போட்டாள், போட்டுவிட்டு, விரலைப் பார்த்துவிட்டு, "உது ஒண்டுமில்லை," என்று சிரித்தாள். அன்றையிலிருந்து குசினியில் அம்மா நிற்கும்போதெல்லாம் ஆரபி படிப்பதில்லை, படிக்கிற மாதிரி இருந்து மணம் பிடிக்கிறாள். இந்த நாட்டின் வடக்கே ஒரு சின்ன ஊரின் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் பனிக்கட்டி மீனில் வைத்திருந்த விரல்கள் அவை. அந்த வேலையால்தான் விரல் மரத்துப்போகிற இந்த வருத்தம் என்று நட்டஈட்டு அலுவலகம் ஒப்புக்கொண்டால், அம்மா இனி ஹோட்டல் அறைகளைத் துடைக்கவும் ஈரத்துணி பிழியவும் போகத் தேவையில்லை. ஒப்புக்கொள்ளவில்லை. "தொடர்பு இருப்பதை உறுதிசெய்ய முடியவில்லை" என்று ஒரு வசனம் வந்தது. யார் முயன்று யாருக்கு முடியவில்லை? எழுவாய் இல்லாத வசனம், ஆளில்லாத அலுவலகம். அந்த ஒரு வசனத்துக்கு எதிராக ஆரபி இரண்டு பக்கம் எழுதினாள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் சட்டம் படித்தது வேறெதற்கு. அந்த இரண்டு பக்கத்தின் முதுகெலும்பு ஒரு வரி: பாதுகாப்பான கையுறைகள் தரப்படவில்லை. எழுதி முடித்த இரவு அவளுக்குத் தன்மீதே ஒரு மதிப்பு வந்தது. அந்த வரியை ஆராலும் அசைக்க ஏலாது.

ஒழுங்கையின் முடிவில் ஒரு பழைய வணிகரின் வீட்டை உள்ளே பார்க்க விட்டார்கள். வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுத்தவனே கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்வானாம். சட்டையில் ஐவின் என்று பெயர் குத்தியிருந்தது, அவனும் ஒரு பல்கலைக்கழக மாணவன்தான் போல. அம்மா அவனிடம் நொர்வேஜிய மொழியில் பேசத் தொடங்கியதும் அவன் முகம் மலர்ந்தது. எல்லோரும் மலர்வார்கள். அம்மா இந்த மொழியைக் கற்றது வகுப்பறையில் இல்லை, வடகோடி மீன்மேசையில், அதனால் அவள் வாயில் வருவது அந்த வடக்கின் கட்டையான, தூஷணம் கலந்த, மீனவர் பேச்சு, சேலைக்கு மேல் மழைச்சட்டை போட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணிடமிருந்து அது வரும்போது பெர்கன்காரர்களுக்குச் சிரிப்பு அடக்கமுடியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடக் கூட்டங்களில் ஆரபிக்கு அது வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கப்பட்டதற்காக வெட்கம். இப்போது சிரிக்கிறவன்மீது கோபம், அவன் கேலியாகச் சிரிக்கவில்லை என்று தெரிந்தாலும். "இவ என்ர மேள். மாணவருக்குக் கழிவு இருக்கோ?" என்று அம்மா அதே பேச்சில் கேட்டாள். "உங்களுக்கும் மாணவர் விலையே போடுகிறேன், நீங்கள் பேசுவதைக் கேட்டதற்கு," என்றான் ஐவின். அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். பார்த்தியோ என்கிற மாதிரி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே வெளியைவிடக் குளிர். அதை ஐவின் பெருமையோடு சொன்னான், இந்த வீடுகளில் எப்போதும் இப்படித்தான், ஏனென்றால் இங்கே நெருப்புக்கு அனுமதியில்லை. நூற்றுக்கணக்கான வருடம் ஜெர்மன் வணிகர்கள் இங்கே இருந்து வடக்கிலிருந்து வருகிற காய்ந்த மீனை வாங்கி உலகத்துக்கு அனுப்பினார்கள், எல்லாம் மரம், ஒரு பொறி போதும், ஆகவே அடுப்பில்லை, கணப்பில்லை, குளிர்காயவும் சுடச்சுடச் சாப்பிடவும் பின்னாலிருந்த தனிக் கட்டடங்களுக்குத்தான் போகவேண்டும். குளிர்காலம் முழுக்கவுமா என்று ஆரபி கேட்டாள். முழுக்க. அப்ப வேலை செய்கிற நேரம்? இங்கேதான், இந்தக் குளிரில்தான். இந்த விதியை ஆர் போட்டது? வணிகர்கள் தாங்களே போட்டுக்கொண்டது. மீன் மூட்டையைத் தூக்கின பொடியங்களைக் கேட்டோ போட்டவை? ஐவின் சிரித்துத் தலையைச் சொறிந்தான். அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள், தொழில் பழகி ஒருநாள் தாங்களும் வணிகராகலாம் என்று, யாரும் கட்டி இழுத்து வரவில்லை. விரும்பி. அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆரபிக்கு நாக்கு நுனியில் நெருப்புப் பற்றும், மரவீடோ கல்வீடோ. போன தவணை இதே சொல்லுக்காக விரிவுரை முடிந்தும் அரைமணி நேரம் பேராசிரியரை விடாமல் பிடித்துவைத்திருந்தாள், வேறு வழியில்லாதவன் விரும்பினான் என்று சொல்வது விருப்பத்தைப் பற்றிய செய்தியா வழியைப் பற்றிய செய்தியா என்று. அதை இவனுக்கும் தொடங்கப் போனவளை அம்மா முழங்கையால் இடித்தாள். "அப்புக்காத்து அம்மா, கொஞ்சம் மூச்சு விடுங்கோ." சட்டம் படிக்கப் போன நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர், ஊரில் வழக்கறிஞருக்குச் சொல்கிற பழைய சொல். இங்கே பெண்கள் இருக்கவும் தடை என்று ஐவின் அடுத்ததைச் சொன்னான், வணிகர்கள் இங்கிருக்கும் காலம் வரைக்கும் கலியாணமும் கட்டக்கூடாது. ஆரபி வாயைத் திறக்க முந்தி அம்மா சொன்னாள், "அதுதான் வீடெல்லாம் கோணலாக் கிடக்கு."

மேல்மாடியில் சுவருக்குள் அலுமாரி மாதிரிக் கட்டில்கள். சின்னப் பொடியங்கள் இரண்டிரண்டு பேராக ஏறிப் படுத்து, இழுவைக் கதவைச் சாத்திக்கொள்வார்களாம், ஒருவர் சூட்டில் மற்றவர். அம்மா குனிந்து அந்த இருட்டுக்குள் நெடுநேரம் பார்த்தாள். என்ன பார்க்கிறாள். பலகையும் இருட்டும்தான் இருக்கிறது. நேரம் பகல் பன்னிரண்டு. இன்னும் நேரமிருக்கிறது, நடுச்சாமம் வரைக்கும் இருக்கிறது, ஆனாலும் ஆரபி மறுபடி நேரத்தைப் பார்த்தாள். அம்மா கையெழுத்து வைக்க மாட்டாள். ஏன் மாட்டாள்? பயமா, பழைய முதலாளியோடு பகை வேண்டாம் என்கிற மரியாதையா, அல்லது வாசித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தபோது முதல் பக்கத்தில் ஓரிடத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பிறகு வாசிக்கலாம் என்று வைத்தாளே, அதுவா. எந்த இடத்தில் நின்றாள்? ஆரபி அந்தப் பக்கத்தை மனதுக்குள் மேலிருந்து கீழே இறக்கினாள், பெயர், வயது, வேலைக்காலம், வெப்பநிலை, கையுறை. கையுறை. அதே நேரத்தில் அம்மா கட்டிலிலிருந்து தலையை எடுத்து ஐவினிடம் கேட்டாள், "இந்தப் பொடியங்களுக்குக் கையுறை இருந்ததோ?" இருந்திருக்கும் என்று அவன் யோசித்தான், கம்பளிக் கையுறை இந்த நாட்டில் எப்போதும் உண்டே, ஆனால் கயிற்று முடிச்சை அவிழ்க்கவும் மீனைத் தரம் பிரிக்கவும்... "கழட்டித்தான் இருப்பாங்கள்," என்றாள் அம்மா. தமிழில் சொன்னாள். அவனுக்குச் சொல்லவில்லை. கீழே வாசலில் வேறு ஆட்கள் வந்த சத்தம் கேட்டு, ஆறுதலாகப் பாருங்கள் என்றுவிட்டு அவன் இறங்கிப் போனான், படிகள் ஒவ்வொன்றாக முனகின.

ஆரபி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழட்டித்தான் இருப்பாங்கள். ஒரு நூல் ஆணியில் மாட்டினமாதிரி அதற்கு அப்பால் யோசனை போக மறுத்தது. கையுறை தரவில்லை என்று அம்மா அவளுக்கு எப்போது சொன்னாள்? எப்போதும் சொல்லவில்லை. மோகனதாஸ் மாமா ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், கையில் கோப்பையோடு, அந்தக் காலத்தில எங்களுக்கு ஆர் கையுறை தந்தது என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார், அவர் வேலை செய்தது வேறு ஊர், வேறு தொழிற்சாலை, அந்தச் சிரிப்பு பத்து வருடமாக அவளுக்குள்ளே கிடந்து உண்மையாகிவிட்டது. "அம்மா, உங்களுக்குக் கையுறை தந்தவங்களோ?" "தராமல்? விடிய மேசையில ஆளுக்கொரு சோடி வைச்சிருப்பாங்கள். உள்ளுக்குக் கம்பளி, வெளியில றப்பர். நல்ல சாமான்." "பிறகேன்?" "நாங்கள் போடேல்லை." அம்மா கட்டிலின் விளிம்பில் இருக்கப் போய், காட்சிப் பொருள் என்று நினைவு வந்து, யன்னல் பக்கமிருந்த வாங்குப் பலகையில் இருந்தாள். "போட்டால் முள்ளுத் தெரியாது பிள்ளை. துண்டு போட்ட மீனை விரலால தடவித்தான் முள்ளுப் பாக்கிறது. முள்ளிருந்தால் மீன் திரும்பி வரும், எந்த மேசையின்ர மீன் எண்டு பலகையில நம்பர் எழுதுவாங்கள், எல்லாரும் பாக்க. நாங்கள் ஆறு தமிழ்ப் பெம்பிளையள் ஒரு மேசை. முதல் நாள் எங்கட நம்பர் நாலு தரம் வந்தது. நாலு தரம். சாப்பாட்டு அறையில ஆரோ ஏதோ சொல்லிச்சினம், எனக்குப் பாஷை விளங்கேல்லை, சிரிச்சது விளங்கினது. அடுத்த நாள் காலமை நான் கழட்டினன்." அவள் தன் கைகளை மடியில் திருப்பிப் பார்த்தாள், ஆரோ பார்க்கக் கொடுத்த பொருளைப் பார்க்கிற மாதிரி. "என்னைப் பாத்துத்தான் மற்ற ஐஞ்சு பேரும் கழட்டினவை. அதுக்குப் பிறகு பதினொரு வருசம், ஆரபி, எங்கட நம்பர் அந்தப் பலகையில வரேல்லை. ஒரு நாளும். இப்ப அந்த ஐஞ்சு பேருக்கும் விரல் இப்பிடித்தான். நீ எழுதியிருக்கிறாய், தரேல்லை எண்டு. அதில நான் எப்பிடி விரலை வைக்கிறது?"

யன்னல் கண்ணாடி பழையது, அலையலையாக இருந்தது, அதற்குள் துறைமுகமும் படகுகளும் நெளிந்தன. ஆரபிக்கு முதலில் வந்தது கோபம்தான், வழக்கம்போல, ஏன் இதை முந்திச் சொல்லவில்லை என்று. சொல்ல நான் இடம் கொடுத்தேனா என்று அடுத்தது. இரண்டு பக்கம் எழுதினேன், ஒரு கேள்வி கேட்டேனா. அந்த இரண்டு பக்கத்தில் பவளராணி என்று ஒருத்தி இருக்கிறாள், மொழி தெரியாதவள், வழி தெரியாதவள், தந்ததை வாங்கித் தராததைக் கேட்கத் தெரியாதவள், அவளுக்கும் இந்த வாங்கில் இருக்கிற, ஒரு பலகையிலிருந்து தன் நம்பரை அழித்த மனுசிக்கும் பெயரைத் தவிர என்ன சம்பந்தம். ஆனால், ஆனால், இதை எழுதினால் தோற்போம். கையுறை தந்தார்கள், தானே கழற்றினாள். அலுவலகம் வேறென்ன சொல்லப்போகிறது, ஐவின் சொன்னதைத்தான் சொல்லும், ஆரும் கட்டி இழுக்கவில்லை, விரும்பித்தான். விரும்பித்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்தார்கள். அந்த வரியை விட்டுவிடலாமோ, பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல், அந்த இடத்தை வெறுமையாக விட்டு. விடலாம். வகுப்பில் அதற்கும் வழி சொல்லித் தருகிறார்கள். அந்த வெறுமையான இடத்தில் ஆறு பேர் கையுறையைக் கழற்றுகிறார்கள், அவர்கள் கழற்றுவதை இனி அவளால் பார்க்காமலிருக்க முடியாது. கழற்றி எங்கே வைப்பார்கள்? மேசையில்தான். நாள் முழுக்க அங்கேயே கிடக்கும். பிறகு? "அம்மா, பின்னேரம் அந்தக் கையுறையளை ஆர் எடுக்கிறது?" "ஒட்வார். எங்கட மேற்பார்வையாளன். கூடையோட மேசை மேசையா வந்து எடுத்துப்போடுவான், கழுவிக் காயவிட." "உங்கட மேசையிலதும் நனைஞ்சிருக்குமோ?" "எப்பிடி நனையும்?" அம்மா சிரித்தாள். "முதல் ஒரு மாசம் எடுத்தான். பிறகு எங்கட மேசைக்குக் கூடையைக் கொண்டு வாறதேயில்லை. அதே ஆறு சோடிதான், அப்பிடியே கிடக்கும். பழசாக, வருசத்துக்கொருக்காப் புதுசு வரும், அதுவும் கிடக்கும்."

 பதினொரு வருடம் நனையாத ஆறு சோடிக் கையுறைகள். அவை தங்களைத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை. ஒருவன் பார்த்தான், கூடையைக் கொண்டுவராமல் விட்டான், மீன் திரும்பி வராததைப் பலகை பார்த்தது, பலகையைத் தொழிற்சாலை பார்த்தது, எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இது வாதமா? வாதம்தான். ஆனால் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளுகிற வழக்கமான துள்ளல் வரவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ மெதுவாக ஓர் இடத்தில் அமர்ந்தது, நிலத்தடியில் மரம் இறங்குவதுபோல. "அவன்ர பேரைப் போடாதை," என்றாள் அம்மா, மகளின் முகத்தைப் படித்துவிட்டு. "நீ பிறக்கேக்க பனிக்குள்ள தொண்ணூறு கிலோமீற்றர் காரோட்டி என்னை ஆஸ்பத்திரியில சேர்த்தவன் அவன். நல்ல மனுசன்." நல்ல மனுசன், கண்டும் காணாத மனுசன், அவன் ஓட்டாவிட்டால் நான் இல்லை. இதற்கும் ஆரபியிடம் ஒரு மறுமொழி இருந்தது, இரண்டு இருந்தது, அவற்றைச் சொல்லாமல் அம்மாவின் கைபேசியை எடுத்து, தன் அருமையான வரியை அழித்தாள். எழுத ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. கையுறை தந்தார்கள், ஒவ்வொரு நாளும் அது மேசையில் இருந்தது. நான் கழற்றினேன், என்னைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் கழற்றினார்கள். கையுறையோடு முள் தெரியாது, முள்ளிருந்தால் எங்கள் மேசையின் நம்பரைப் பலகையில் எழுதுவார்கள். பதினொரு வருடம் எங்கள் கையுறைகள் நனையவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டு, உதடு அசைய, வடக்குப் பேச்சின் இழுவையோடு வாசித்தாள். "இன்னொண்டு சேர். கழட்டச் சொல்லி ஆரும் சொல்லேல்லை எண்டு எழுது. போடச் சொல்லியும் ஆரும் சொல்லேல்லை எண்டும் எழுது." எழுதினாள். "வெல்லுவமோ?" "தெரியாதம்மா." "அப்புக்காத்துக்கே தெரியாதோ," என்று அம்மா சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள்.

கைபேசி அந்த விரலை ஏற்கவில்லை. மறுபடி வையுங்கள் என்றது. வைத்தாள், ஏற்கவில்லை. ஆரபி அதைத் தன் சட்டையில் துடைத்து, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து ஊதினாள், மெழுகுமாதிரி வெளுத்துப் போயிருந்தது, மரப்பலகையைவிடக் குளிர், அதில் ரேகை இருந்த இடம் தேய்ந்த நாணயம்போல வழுவழுத்திருந்தது. மூன்றாம் தரமும் இல்லை. "விடு, அது என்னை ஒரு நாளும் பிடிக்காது," என்ற அம்மா, கையை மடக்கி, விரல் முட்டால் இரகசிய எண்ணை ஒவ்வொன்றாகக் குத்தினாள், பழகின வேகத்தில், தப்பில்லாமல். போய்விட்டது. அனுப்பப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அவ்வளவுதான். கீழே ஐவின் புதிதாக வந்தவர்களுக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், இறங்கி வந்த அம்மா அவனுக்கு வடக்குப் பேச்சில் ஏதோ சொல்ல அவன் உரக்கச் சிரித்தான். ஆரபி அவனோடு விருப்பம் பற்றிய வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்று நினைத்தாள். பிறகு வரலாம், இங்கேதானே இருக்கப்போகிறான். ஒழுங்கையைத் தாண்டி வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது, துறைமுகத்துக்கு மேலே ஒரு வெள்ளை வெளிச்சம். அம்மா கூரைக்குக் கீழே நின்று, படகுகளைப் பார்த்தபடி, "நல்ல இடமடி, எங்கட ஆக்களையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வரவேணும்," என்றாள். ஐந்து பேரையும்தான் சொல்கிறாள். ஊதினபோது பிடித்த விரலை ஆரபி படியிறங்கும்போதும் விடவில்லை, இப்போதும் விடவில்லை. அம்மா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டாள். "எந்த விரலைப் பிடிச்சிருக்கிறாய்?"

"மோதிர விரலை, அம்மா."

"ம்," என்றாள் அம்மா. "பிடி."